ஒப்பீனியன் சேர்

மடுல்சீமைப் பக்கம் என்னை ஒப்பீனியன் சேர் என்றுதான் சொல்வார்கள். தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இருபத்தெட்டு வருஷம் இங்கிலீஷ் படிப்பித்த எனக்கு மிஞ்சிய பட்டம் அது. எதிரில் சொல்ல மாட்டார்கள். நான் கடைப் பக்கம் வந்தால், "ஒப்பீனியன் வருது, நாற்காலியப் போடு" என்று உள்ளே யாராவது குசுகுசுப்பார்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அந்தச் சொல்லின் மேல் எனக்கு அப்படியொரு பைத்தியம். அகராதியில் பார்த்தால் கருத்து, அபிப்பிராயம் என்று இரண்டு சொல்லோடு வேலை முடிந்துவிடும். பிள்ளைகளுக்கு அது போதாது. அதனால் சட்டியைக் காட்டித்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒரே குழம்பைச் சாப்பிட்டு ஒருத்தர் உப்புக் கூட என்கிறார், இன்னொருத்தர் உப்புப் போதாது என்கிறார். இரண்டும் ஒப்பீனியன். சட்டி மண்சட்டி என்பது ஒப்பீனியன் இல்லை, அது யார் பார்த்தாலும் மண்சட்டிதான். இவ்வளவு சொன்ன பிறகும் பரீட்சையில் ஒரு பிள்ளை, "என்னுடைய ஒப்பீனியன்படி பதுளை ஊவா மாகாணத்தில் இருக்கிறது" என்று எழுதி வைக்கும். தலையில் அடித்துக்கொள்வேன்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தேன். ஒப்பீனியன் என்று ஒன்றைச் சொன்னால் அதற்குப் பின்னால் 'ஏனென்றால்' வர வேண்டும். வராவிட்டால் பாதிப் புள்ளிதான். "வாயத் தெறந்து சொல்லுங்கடா, ஒங்க அப்பா தாத்தா மாதிரி கையக் கட்டிக்கிட்டு நிக்காதீங்க" என்று கத்துவேன். என் அப்பாவும் அப்படி நின்றவர்தான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணி எந்த மலைக்குப் போகச் சொன்னாலும், "சரிங்க." துரை வந்து பெயரை வெட்டி அன்றைக்குச் சம்பளம் இல்லை என்றாலும், "சரிங்க." அந்த ஒரு சொல்லோடு அவர் காலம் முடிந்தது. நான் அப்படி இருக்கப் போவதில்லை என்று சின்ன வயதிலேயே எனக்குள் ஒரு வீறாப்பு.

இருந்தேனா என்றால், சும்மா சொல்லக்கூடாது, வாய் கிழியத்தான் பேசினேன். பசறை பஸ் ஏன் நேரத்துக்கு வருவதில்லை, கோயில் கூரைக்கு ஏன் தகரம் போடக் கூடாது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் சோறு ஏன் குழைந்தது, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு அபிப்பிராயம், கூடவே ஒரு ஏனென்றால். என் மனைவி அடுப்படியில் இருந்தபடியே, "சேர் தீர்ப்புச் சொல்லிட்டாரு, எல்லாரும் எந்திரிச்சுப் போங்க" என்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் பேச்சைக் கேட்கவும் கேலி பண்ணவும் வீட்டில் அவள் ஒருத்திதான்.

அவள் போய் மூன்று வருஷமாகிறது. இப்போது வீட்டில் நான் மட்டும். மழை பிடித்தால் நாலைந்து நாள் ஆள் முகம் பார்க்காமலே போய்விடுகிறது. தேத்தண்ணியில் சீனி கூடிப் போனால்கூட அதைச் சொல்ல ஆள் இல்லை. கூட்டியதும் நானே, குடிப்பதும் நானே. தனிமை என்று எழுதினால் ஏதோ பெரிய விஷயம் மாதிரி இருக்கிறது. உண்மையில் அது இவ்வளவுதான். ஆனால் தாங்க முடியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அவளுக்கு வயிற்றில் கட்டி. பதுளை ஆஸ்பத்திரியில் எல்லாம் சோதித்து, பெரிய டொக்டரைப் பார்க்க ஒரு நாள் கொடுத்திருந்தார்கள். காலை பஸ்ஸில் போனோம். ஜன்னல் பக்கம் அவள். பசறை தாண்டியதும் என் கையைப் பிடித்தாள். பஸ்ஸில் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

"என்னங்க, எனக்கு ஆப்பரேசன் வேணாங்க. இருக்கிற நாள நம்ம வீட்லயே இருந்துட்டுப் போறேன். கோழி இருக்கு, போஞ்சிக் கொடி இருக்கு, அக்கா தோட்டத்து லயத்து வீட்ல இருந்து வந்து பாத்துக்கும். டாக்டருகிட்ட நீங்க சொல்லிருங்க. எனக்கு அங்க வாய் வராது."

"சொல்றேன் புள்ள" என்றேன். நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். நான் இங்கிலீஷ் ஆசிரியர் என்று அவளுடைய கிளினிக் அட்டையில் பார்த்ததும் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"சேர், ஒளிக்காமல் சொல்லுறன். ஒப்பரேஷன் செய்தால் இன்னும் கொஞ்சக் காலம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். செய்யாமல் மருந்தோட வீட்டில வச்சுப் பார்க்கிறதெண்டாலும் பிழையில்லை. உங்கட ஒப்பீனியன் என்ன?"

அந்தச் சொல்லையே கேட்டார். என் சொல்லை. இருபத்தெட்டு வருஷம் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்த சொல்லை. பதில் என் கையில் தயாராக இருந்தது, ஏனென்றால் உட்பட. வெள்ளைக் கோட்டும் மேசையும் பேனையும் என் முன்னால் இருந்தன.

"நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க" என்றேன்.

பிறகுதான் கவனித்தேன், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

டொக்டர் அதோடு விடவில்லை. அவள் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?" என்று கேட்டார். அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். எங்கள் ஆட்களில் புருஷன் நாலு பேர் முன்னால் ஒன்று சொன்ன பிறகு பெண்சாதி மாற்றிச் சொல்வதில்லை. "அவரு சொன்னா சரிங்க" என்றாள். டொக்டர் எழுதிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேரையும் கேட்டார், இரண்டு பேரும் சரிங்க என்றோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள், போஞ்சிக்குக் கம்பு நட வேண்டும் என்றாள். அட சீ, அப்போதாவது இறங்கி அடுத்த பஸ்ஸில் பதுளைக்கு ஓடியிருக்கலாம். "டொக்டர், நான் சொன்னது தப்பு" என்று சொல்ல எத்தனை நேரம் பிடிக்கும்? டொக்டரிடம் சொன்னதை மாற்றினால் என்ன நினைப்பாரோ என்று இருந்துவிட்டேன். அவர் என்ன நினைத்தால் எனக்கென்ன!

ஒப்பரேஷன் நடந்தது. புண் ஆறியது, அவள் ஆறவில்லை. வார்டில் மூன்று வாரம் கிடந்தாள். கோழி முட்டையிடுகிறதா, போஞ்சி ஏறிவிட்டதா என்று தினமும் கேட்பாள். நான் பார்க்கப் போகும்போதெல்லாம் பையில் நாலு போஞ்சிக்காய் கொண்டு போவேன். சமைக்க இல்லை, அவள் தொட்டுப் பார்க்க. மூன்றாவது வாரம், இந்த உடம்போடு மலைப் பாதையில் கொண்டு போக முடியாது என்று தாதி சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம். வீடு கட்டும்போது கேட்கவில்லை, கூரைக்கு நிறம் பூசும்போது கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் அபிப்பிராயம் சொல்லச் சொல்லிக்கொடுத்தவன், முதன்முதலாக அவளிடம் கேட்டேன்.

"சொல்லு புள்ள. ஒனக்கு என்ன தோணுது? என்ன செய்வோம்?"

அவளுக்குக் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மெல்லக் கண்ணைத் திறந்து, மறந்துபோன பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"நாந்தான் அன்னைக்கே பஸ்ஸுல சொல்லிட்டேனேங்க."