மூச்சு டீச்சரின் கை

கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் பிட் தேடும் வாத்தியாரைப் போல வரிசைகளுக்கு நடுவே நடக்கிறார் டீச்சர். "மூச்ச விடுங்க. அட, விடுங்கப்பா. யாரும் எடுத்துட்டுப் போயிட மாட்டாங்க." குனிந்திருக்கும் முப்பது முதுகுகளில் ஒன்றிரண்டு சிரிப்பில் குலுங்குகின்றன. என் முதுகு குலுங்குவதில்லை. பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டு நின்றுவிடும் முதுகு அது, சிரிப்புக்கெல்லாம் இடம் கொடுக்காது.

நாற்பத்து மூன்று வயதில் வெள்ளை பெல்ட் கட்டியவன் நான். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, உடம்பை அசைக்க ஏதாவது செய்யுங்கள் என்றார் டாக்டர். அவர் நடைப்பயிற்சியைத்தான் நினைத்திருப்பார். வீட்டுக்கு எதிரே டயர் கடையின் மாடியில் கராத்தே வகுப்பு இருந்ததால் நான் இங்கே ஏறிவிட்டேன். என்னோடு வெள்ளை பெல்ட் கட்டியிருப்பவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மரியாதையாக அங்கிள் என்று கூப்பிட்டு, மரியாதையாக உதைப்பார்கள்.

வகுப்பின் முதல் இருபது நிமிடம் மூச்சு டீச்சருடையது. இந்தப் பெயர் நாங்கள் வைத்தது. யோகாசனங்களிலிருந்து எடுத்த அசைவுகளை வைத்து உடம்பைச் சூடாக்கித் தருவது அவர் வேலை. சூடான உடம்பை அடித்துத் துவைப்பது மாஸ்டர் வேலை. டீச்சர் ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். சாம்பல் நிறப் பேன்ட், முழுக்கைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. அடுத்தவர் செருப்பு வாசலில் கோணலாகக் கிடந்தால் காலாலேயே நேராக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார். பகலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை. அங்கேயும் இதே வசனம்தான். "மூச்ச இழுங்க… விடுங்க… முடிஞ்சுது." முடிந்தது என்று அவர் சொன்ன பிறகுதான் குத்தியதே நமக்குத் தெரியும்.

கராத்தேக்காரர்களுக்கு யோகா சொல்லித்தருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் பக்கத்தில் நிற்பவனை முறைத்துக்கொண்டே நிற்பார்கள். மூச்சை விடச் சொன்னால் கத்துவார்கள். தரையைத் தொடச் சொன்னால் தரையோடு சண்டைக்குப் போவார்கள். "இது போட்டி இல்ல கண்ணுங்களா, இங்க யாரும் ஜெயிக்க முடியாது" என்பார் டீச்சர். உடனே, யார் அதிக நேரம் ஜெயிக்காமல் இருப்பது என்று ஒரு போட்டி ஆரம்பமாகிவிடும்.

முன்பெல்லாம் அவர் கைகளைப் பின்னால் கட்டியதில்லை. அந்தக் கைக்காகவே சிலர் சீக்கிரம் வருவார்கள். காலை அகட்டி நின்று குனியும்போது ஒவ்வொருவராக வந்து இடுப்புக்கு மேல் உள்ளங்கையை வைப்பார். "இன்னும் கொஞ்சம்." அவ்வளவுதான் சொல்வார். இனிமேல் முடியாது என்று நாம் சத்தியம் செய்யக்கூடிய இடத்திலிருந்து உடம்பு இன்னும் இரண்டு விரல்கடை இறங்கும். நான் ஒருமுறை என் கணுக்காலைத் தொட்டேன். வீட்டில் போய்ச் சொன்னேன். யாருடைய கணுக்கால் என்று கேட்டாள் மனைவி.

அவருடைய அக்கா மகளும் இதே வகுப்பில்தான் இருந்தாள். பிரவுன் பெல்ட். அவள் உதையை வாங்கியவர்கள் வைத்த பெயர் குதிரை. போலீஸ் விளையாட்டுப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள், உதைத்துக் காட்டி உள்ளே போய்விட்டால் நிரந்தர வேலை. வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வருஷம். வீட்டில் அப்பா இல்லை. அந்த வேலையை வைத்துத்தான் தாயும் மகளும் வாழ்க்கைக்குத் திட்டம் போட்டிருந்தார்கள்.

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது நடந்தது. மழை பெய்து ஹால் சில்லிட்டுக் கிடந்தது. பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்தவள், உடம்பை ஒரு சுற்றுகூட அசைக்காமல் நேராக வரிசையில் நின்று குனிந்தாள். கராத்தே நிலையில் நிற்கிற பழக்கத்தில் முட்டியை விறைப்பாகப் பூட்டியிருந்தாள். டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. கை வைத்தார். "இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… இன்னிக்கு உன் தலை தரையத் தொட்டுரும் பாரு." 'பட்' என்று ஒரு சத்தம். கடைசி வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. நெட்டி முறிந்ததாக நினைத்து, "அப்படித்தான், சபாஷ்!" என்றார் மாஸ்டர்.

தொடையின் பின்தசை உட்காரும் எலும்போடு சேரும் இடத்தில் பிய்ந்துபோயிருந்தது. மாதக்கணக்கில் அவளால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றபடியே சாப்பிட்டாள். சூடாகாத உடம்பை யார் இப்படி அழுத்தியது என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டாராம். வெளியே வந்ததும் தாய்க்காரி தங்கையிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "உன் கைய நம்பித்தானேடி அனுப்பினேன்." அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. இதை டீச்சர் மாடிப்படியில் நின்று என்னிடம் சொன்னபோது எனக்கு அந்த அக்காவின் மேல் கோபம் வந்தது. என் மகளாக இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். இதைவிட மோசமாகத்தான் சொல்லியிருப்பேன்.

நீட்டி இழுக்கும் ஆசனங்களையெல்லாம் வகுப்பின் கடைசிக்கு மாற்றிவிடலாம், அப்போது உடம்பு தயாராக இருக்கும் என்று அவர் மாஸ்டரிடம் கேட்டுப் பார்த்தார். "கடைசி பத்து நிமிஷம் பெத்தவங்க வந்து வாசல்ல நிப்பாங்க டீச்சர். அவங்களுக்கு உதைய காட்டணும். புள்ளைங்க குனிஞ்சுகிட்டு நிக்கறதையா காட்ட முடியும்?" என்றார் மாஸ்டர். மாஸ்டர் கெட்டவர் இல்லை. அவர் கவலை அவருக்கு. டீச்சர், குனிந்து நிற்கையில் முப்பது வரை எண்ணியதை ஐந்தாகக் குறைத்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சர்க்கரை பார்க்கப் பரிசோதனை நிலையத்துக்குப் போனபோது, டீச்சர் முன்மேஜையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் என் வயதை ஒற்றை விரலால் தட்டினார். ஊசி பிடித்தது யாரோ ஒரு புதுப்பெண். மூன்று இடத்தில் குத்தித் தேடினாள்.

"நீங்க ஏன் டீச்சர் எடுக்கல?"

"நானே இந்த மேஜைய கேட்டு வாங்கிகிட்டேன்."

"கை வலியா?"

"வலியெல்லாம் ஒண்ணுமில்ல. நம்பிக்கையில்ல." சொல்லிவிட்டு, இனிஷியல் என்ன என்று கேட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் வகுப்புக்கு வருகிறார் என்பது எனக்குப் புரியாமலே இருந்தது. கேட்டும் விட்டேன். "நான் வரலன்னா வேற யாராவது வந்து அழுத்துவாங்க" என்றார்.

போன வாரம் குதிரை வந்தாள். ஒன்பது மாதம் கழித்து. தேர்வு முடிந்து, வயது வரம்பும் தாண்டிவிட்டது. பெல்ட் கட்டவில்லை. வீட்டில் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, சும்மா வந்து நிற்கிறேன் என்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டு, இடது காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்து கடைசி வரிசையில் என் பக்கத்தில் நின்றாள். டீச்சர் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். பிறகு எல்லோருக்கும் சொல்வது போலச் சொன்னார். "கால அகட்டி நில்லுங்க. முட்டிய லேசா மடக்குங்க. குனிஞ்சா போதும், யாரும் தரையத் தொட வேண்டாம்."

குனிந்தோம். ஒன்றரை வருஷத்தில் என் முதுகு அடைந்த ஒரே முன்னேற்றம், தலையைத் தொங்கவிட்டால் என் கால்களுக்கு நடுவே பின்னால் நடப்பது தெரியும் என்பதுதான். டீச்சரின் பாதங்கள் தலைகீழாக வந்து அவளுக்குப் பின்னால் நின்றன. அவள் கைகள் முட்டிக்குக் கீழே இறங்கவில்லை.

"ஒண்ணு… ரெண்டு… மூணு…"

"நல்லா அழுத்து சித்தி" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். குரலில் சண்டையும் இல்லை, கேலியும் இல்லை. "இனிமே பிய்யறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

நாலு வரவில்லை. எண்ணிக்கை நின்றுபோக, முப்பது பேரும் குனிந்தபடியே காத்திருந்தோம். கீழே கடையில் யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். டீச்சரின் வலது கை பின்னாலிருந்து மெல்ல வந்தது. அவள் இடுப்புக்கு ஒரு சாண் மேலே வந்து, விரல்கள் விரிந்து, அங்கேயே நின்றது. பிறகு இடது கை வந்து அதன் மணிக்கட்டைப் பிடித்து, முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது.