பிடிக்கிறவனின் கை

சண்டைக் காலத்தில், பிள்ளைகளுக்கு அந்தரத்தில் கரணம் போடப் பழக்கும் பயிற்றுநர்களுக்கு வெள்ளவத்தையில் ஒரு வகுப்பு நடந்தது. அங்கே முதல் விதி, பாய்கிறவனின் கால் மெத்தையில் படும்வரை பிடிக்கிறவன் கையை எடுக்கக் கூடாது. அந்த வகுப்பில் என்னைப் பிடிக்கிறவன், தலைநகரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு கொட்டாஞ்சேனைக்காரன்.

ஒரு மாலை, வகுப்பு முடிந்து இருவரும் திரும்பும்போது சோதனைச்சாவடியில் மறித்தார்கள். என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி. இவனைத் தெரியுமா என்று பொலிஸ்காரர் அவனிடம் கேட்டார். தெரியாது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போனான். என்னை விடிந்த பிறகுதான் விட்டார்கள்.

அடுத்த வகுப்புக்கு ஒன்றுமே நடக்காததுபோல் வந்தான்.

"மச்சான், இண்டைக்கு நான் முதல்ல பாயிறன், பிடி."

நான் கையை நீட்டினேனா என்றுகூடப் பார்க்காமல் பாய்ந்தான். பிடித்தேன். பிடிப்பேன் என்பதில் அந்த நாய்க்குத் துளி சந்தேகமும் இருக்கவில்லை.