தட்டைப் பிடித்த கை

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் அம்பாசமுத்திரம் சபையில் வேத வசன அட்டைகளைத் தட்டில் கவிழ்த்துப் போதகர் நீட்டுவார். ஆளுக்கொன்று எடுப்போம். அதுதான் அந்த ஆண்டுக்குக் கர்த்தர் தரும் வாக்குத்தத்தம்.

இந்த முறை எனக்கு வந்தது, சகோதரனோடு சமாதானமாகி ஒப்புரவாகச் சொல்லும் வசனம். வரப்புத் தகராறில் நான் அண்ணனோடு பேசுவதில்லை என்பது போதகருக்குத் தெரியும்.

வீட்டுக்கு நடக்கையில் மனைவியிடம் பொருமினேன். “இது போதகர் வேலதான். தட்ட என் பக்கம் திருப்புனத நான் பாத்தேன்.”

“போன வருஷம் ஆசீர்வாத வசனம் வந்தப்போ, கர்த்தரே தந்தாருன்னு சபை முன்னால சாட்சி சொன்னியளே. அப்பவும் அவருதான தட்டப் பிடிச்சாரு?” என்றாள்.

போதகர் மேல் எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஆனாலும் அன்று வழியிலிருந்த அண்ணன் வீட்டைக் கடந்து போக எனக்குக் கால் வரவில்லை.