அத்தா குறை சொன்ன நாள்

'ப்ச்' என்று நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுக்கிற அந்தச் சின்னச் சத்தத்துக்குச் சூலியா தெருவில் பயப்படாதவர்கள் கிடையாது. உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு என் அத்தா அந்தச் சத்தத்தை எழுப்பினார் என்றால், அந்தக் குழம்புக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்; அது அவருடைய சொந்தக் கடைக் குழம்பாக இருந்தாலும் சரி, ஊர்ப் பெரிய மனிதர் வீட்டுக் கல்யாணக் குழம்பாக இருந்தாலும் சரி. அத்தா பந்தியில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால், 'பண்டாரி' என்று நாங்கள் சொல்லும் கல்யாணச் சமையல்காரர் அடுப்படியை விட்டு வெளியே தலை காட்டமாட்டார்.

துறைமுகத்துக்குப் போகிற வழியில் அத்தாவுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. கப்பலில் மூட்டை தூக்குகிறவர்கள் விடிவதற்கு முன்பே வந்து சுடுசோறும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள். எங்கள் வீட்டுக்கும் சாப்பாடு அந்தக் கடையிலிருந்துதான் வரும். அம்மா அடுப்பு மூட்டுவது 'தேத்தண்ணி' போடவும், எங்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சி வைக்கவும் மட்டுமே. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் ஆசையாகச் சமைத்துப் போட்டாளாம். அந்த 'ப்ச்' கேட்டதிலிருந்து கரண்டியைத் தொடவில்லை என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருந்தது என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, கொதிக்கிற சோற்றுத் தேக்சாவைத் தனியாளாகத் தூக்கி இறக்கிய அத்தா அப்படியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குடல் இறங்கிவிட்டது, அறுத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தக் காலத்தில் வயிற்றை அறுப்பது என்றாலே எங்கள் தெருவில் பாதிப் பேர் அழத் தொடங்கிவிடுவார்கள். மயக்க மருந்து வாடை அடிக்கிற நீளமான கூடத்தில், வெள்ளைத் துணி போர்த்திக் கண்மூடிக் கிடந்த அத்தாவைப் பார்த்ததும், இவர் இனி எழுந்திருக்கமாட்டார் என்று எனக்குள் முடிவாகிவிட்டது. யாரிடமும் அதைச் சொல்லாமல் அம்மாவின் முக்காட்டு முனையைப் பிடித்துக்கொண்டே அலைந்தேன்.

அறுவை நன்றாகவே நடந்தது. ஆனால் அத்தா சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரிக் கஞ்சியை ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடுவார். அவர் இல்லாமல் கடையும் பூட்டிக் கிடந்தது. எங்கள் ஆட்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் வீட்டுக்கு வீடு அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு கிளம்பிவிடும், நோயாளி சாப்பிட்டு மிஞ்சியது பக்கத்துக் கட்டில்களுக்கும் போகும். ஆனால் அத்தாவுக்கு மட்டும் ஒரு வீட்டிலிருந்தும் ஒரு பிடி சோறு வரவில்லை. அன்பு இல்லாமல் இல்லை, அந்த நாக்குக்குப் பயந்துதான். வந்தவர்கள் எல்லாரும் ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட் டின்னுமாக வந்தார்கள். பிஸ்கட்டில் குறை கண்டால் அது சீமைக்காரன் பாடு அல்லவா? கட்டிலுக்கு அடியில் டின்கள் அடுக்கடுக்காக நின்றன, ஊருக்கே சோறு போட்டவர் வற்றிக்கொண்டே போனார். தையல் போட்ட இடம் காயாமல் நீர் கசிந்தது. காயத்துக்குக் கட்டுப் போடும் 'டிரஸ்ஸர்' ஒருநாள் அம்மாவைத் தனியே கூப்பிட்டார்.

"மருந்து நாங்க போட்டுட்டுத்தான் இருக்கோம்மா. உள்ள சாப்பாடு போகாட்டி புண்ணு எப்படி ஆறும்? வீட்டுல இருந்து ஏதாச்சும் கொண்டாந்து குடுங்க."

அம்மா தலையை ஆட்டினாள், ஆனால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனத் தச்சர் படுத்திருந்தார். அவருக்கும் வயிற்றில்தான் அறுவை. அவர் மனைவி தினமும் நீலப் பூப்போட்ட பாத்திரத்தில் ஆவி பறக்க சூப் கொண்டுவந்து ஊட்டுவாள். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்து, "ஆருவான் பாயிக்லா, லுக்கா லெக்காஸ் கெரிங்" என்றாள். விரால் மீன் நல்லது, புண் சீக்கிரம் காயும் என்று மலாயில் சொன்னாள். மீன் உயிரோடு வாங்க வேண்டும், இஞ்சி நிறையப் போட வேண்டும், அடுப்பைத் தணித்து நெடுநேரம் வேகவிட வேண்டும் என்று கையாலும் கண்ணாலும் விளக்கினாள். பன்றி இறைச்சி புழங்கும் அவளுடைய பாத்திரத்திலிருந்து முஸ்லிம்களான நாங்கள் வாங்கிக் குடிக்க முடியாது என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலையில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு 'பசாருக்கு'ப் போய், வாளித் தண்ணீரில் துள்ளிக்கொண்டிருந்த விரால் ஒன்றை வாங்கினாள். "தையல் போட்ட ஒடம்புக்கு மீனா? உனக்கென்ன கிறுக்கா?" என்று எதிர்வீட்டு மாமி வாசலில் நின்று கத்தினாள். அம்மா உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். அவள் பயந்தது மீனுக்காக அல்ல, அந்த 'ப்ச்'சுக்காக என்று எனக்குத் தெரியும்.

அத்தா அந்தச் சூப்பைக் குடித்தார். பாதியாவது குடித்தார். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. டிரஸ்ஸருக்கு மகிழ்ச்சி, மாமிகூட வாயை மூடிக்கொண்டாள். அம்மா மட்டும் திரும்பி வரும் வழியில் ரிக்‌ஷாவில் அழுதாள்.

"ஒரு சொல் சொல்லலியே புள்ள. நல்லதுன்னும் சொல்லல, கெட்டதுன்னும் சொல்லல. அந்த மனுசனுக்கு இனி எதுவும் வேணாம்னு ஆயிடுச்சோ?"

எனக்கும் அதே பயம்தான். வாயைக் கட்டிப்போட்ட அத்தாவை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. தொழுகை முடித்து நேராக வந்த சில பேர் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள். அம்மா வழக்கம்போலச் சூப்பை ஊற்றிக் கொடுத்தாள். அத்தா ஒரு மடக்குக் குடித்தார், நிறுத்தினார், பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"ப்ச்."

கூடமே கேட்டிருக்கும். வந்தவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"இது மீனுக்குப் போட்ட இஞ்சியா, இஞ்சிக்குப் போட்ட மீனா? பூண்டு வதங்கவே இல்ல. உப்பு எங்க போச்சு? யாரு புள்ள இதைச் சமைச்சது?"

"நான்தாங்க," என்றாள் அம்மா. முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. "சொல்லுங்க, இன்னும் என்னென்ன தப்பு, சொல்லுங்க!"

அத்தா விழித்தார். ஆறு பேர் முன்னால் திட்டு வாங்கிவிட்டு ஒரு பெண்பிள்ளை இப்படிப் பூரிப்பாளா? சீனத் தச்சரின் மனைவிக்கு என்ன புரிந்ததோ, அவளும் சேர்ந்து சிரித்தாள். நான் சத்தம் போட்டு அழுதேன். அத்தா பிழைத்துக்கொண்டார்! எனக்கு வேறெந்த டாக்டரும் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்குச் சொன்ன குறைகளையெல்லாம் அம்மா மறுநாள் திருத்திக் கொண்டுபோனாள். அத்தா புதிதாக வேறு குறைகள் கண்டுபிடித்தார். சூப்பு போய் ரசச் சோறு வந்தது, அதன் பிறகு மசித்த பருப்பு, அரை வேக்காட்டு முட்டை, ஈரல். கன்னத்தில் சதை வைத்தது, தையலும் காய்ந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் கடைச் சாப்பாடு எங்களுக்கு வரவில்லை. ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து, அம்மா சமைத்ததை முணுமுணுத்துக்கொண்டே முழுத்தட்டும் காலி செய்கிற வழக்கம் அவருக்கு அப்போது தொடங்கியதுதான். அம்மாவும் பதிலுக்குப் பதில் கொடுக்கப் பழகிக்கொண்டாள்.

இப்போது அந்தக் கடை இருந்த இடத்தில் கைக்கடிகாரம் விற்கிறார்கள். டிராம் வண்டிகள் போய்விட்டன, உயிர் விராலை வாளியில் வைத்து விற்கிறவர்களும் அரிதாகிவிட்டார்கள். அத்தா ஜப்பான்காரன் காலத்தையும் தாண்டி, முடி நரைத்து, பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் போன பிறகு அம்மா எங்கள் ஜெலுத்தோங் வீட்டில் சில வருடம் இருந்தாள், கடைசிவரை அவளே சமைத்தாள். நாங்கள் எல்லாரும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டு, ரொம்ப நல்லாயிருக்கும்மா, ரொம்ப நல்லாயிருக்கும்மா என்போம். அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "உங்களுக்கெல்லாம் ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.