ஷூ போட்டு அளவெடுத்த கிட்டார்

பெடல் ஸ்டீல் கிட்டாரை மடியில் வைத்து வாசிக்க முடியாது. அது மேசை மாதிரி நாலு காலில் நிற்கும். முன்னால் உட்கார்ந்து பாதத்தால் பெடலை மிதிக்க வேண்டும், அடியில் தொங்கும் லீவரை முட்டியால் தள்ள வேண்டும்; அப்போதுதான் சுருதி ஏறும். வாசிப்பவன் உடம்புக்கு அதைப் பொருத்தாவிட்டால் இடுப்பு போய்விடும். பட்டுத்தறி மிதிக்கும் எனக்கு அது தெரியாதா என்ன?

ஆரணியில் அதைப் பொருத்தித் தர ஆள் இல்லை. வீடியோவில் ஒருவர், ஷூ போட்டுக்கொண்டு அளவு பார்க்கச் சொன்னார். கல்யாணத்துக்கு வாங்கிய ஷூவை மாட்டிக்கொண்டு, ஒரு வாரம் ஸ்பேனரும் கையுமாகக் கிடந்தேன். கிட்டாரின் கால்களை உயர்த்தி, லீவரை முட்டி படும் இடத்தில் முடுக்கினேன். கச்சிதமாக அமைந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் எல்லோரையும் போல ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போய் கிட்டார் முன்னால் உட்கார்ந்தேன். முதல் பாட்டிலேயே முட்டி லீவருக்குக் கீழே காற்றைத் தள்ளியது. சபை உச்சத்துக்குப் போனது, என் கிட்டார் ஏறவே இல்லை.

வீட்டுக்கு வந்து வீடியோக்காரரைத் திட்டித் தீர்த்தேன். சோறு போட்டுக்கொண்டிருந்த என் மனைவி நிமிராமல் கேட்டாள்:

"பொழுதன்னைக்கும் தறி மிதிக்கிறீங்களே, என்னைக்காவது ஷூ போட்டுகினு மிதிச்சீங்களா?"