பத்துக்குப் பன்னிரண்டு அறை

என் தம்பிக்கு வியர்க்காது. பிறவியிலேயே அப்படி. தலைமுடி பஞ்சு போல இருக்கும். மூன்று வயதாகியும் பற்கள் இரண்டுதான். ஓடினாலும் அழுதாலும் உடம்பு சட்டியாகச் சுடும். சூட்டை வெளியே தள்ள அவனுக்கு வழி இல்லை. கிளினிக் டாக்டர் மருந்து எதுவும் எழுதவில்லை. குளிர்ச்சியான அறையில் வைத்திருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

நாங்கள் இருந்தது இலங்கையில் ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். ஒரே தகரக் கூரையின் கீழ் ஆறு வீடுகள் கொண்ட லயம், எங்களுடையது மூன்றாவது. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். பங்குனி வெயிலில் அம்மா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, நனைத்த சீலையைத் தம்பி மேல் போர்த்துவதும் அது காய்ந்ததும் மறுபடி நனைப்பதுமாக இருந்தார். ஒரு மதியம் அதுவும் போதாமல் அவனுக்கு வலிப்பு வந்தது. அன்றுதான் ஏசி வாங்குவது என்று அப்பா முடிவெடுத்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். லயத்தில் ஏசியா என்று.

லயத்துச் சுவரில் ஓட்டை போடுவதற்குத் தோட்டத்தைக் கேட்க வேண்டும். அப்பா கிளினிக் கார்டைத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் காட்டி, எங்களுக்கிருந்த ஒரே ஜன்னலைப் பெயர்க்க அனுமதி வாங்கினார். எந்த ஏசி என்று தீர்மானிக்கும் வேலை எனக்கு வந்தது. எனக்குப் பதினொரு வயது. வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் ஒரு பட்டியல் எழுதினேன். அறைக்கேற்ற ஏசியைக் கணக்கிடும் இதே வேலையை இன்றைக்குச் சம்பளத்துக்குச் செய்கிறேன். அன்றைய பட்டியல் அவ்வளவு மோசமில்லை. அடிமட்டத்தால் அளந்த அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஜன்னலின் அகலம், உயரம். வெயில் விழும் பக்கம், மேற்கு. படுப்பவர்கள், நாலு பேர். அளக்க முடிந்ததையெல்லாம் அளந்திருந்தேன்.

பஜாரில் பழைய ஏசிகளைத் திருத்தி விற்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் கடைக்கு அப்பாவும் நானும் போனோம். மேசைக்குப் பின்னால் நானாவின் மகள் உட்கார்ந்து கொப்பியில் படம் வரைந்துகொண்டிருந்தாள். என் வகுப்புதான். அவளிடம் நான் எங்கள் வீட்டைப் பற்றி வேறு மாதிரி சொல்லி வைத்திருந்தேன். முன்னால் பூச்செடி, உள்ளே மூன்று அறை.

கடையில் இரண்டு ஜன்னல் ஏசிகள் இருந்தன. ஒன்று பெரியது, பழையது. மற்றது சின்னது, நட்சத்திரங்கள் போட்ட ஸ்டிக்கர் இன்னும் உரியாமல் இருந்தது. அப்பா பெரியதைத் தொட்டுப் பார்த்தார்.

“பெரிசா இருந்தா நல்லா குளிருமுங்களே, நானா?”

“அப்படி இல்ல தம்பி. ரூமுக்கு மிஞ்சினத போட்டா டக்குன்னு குளிரும், நின்னுடும், திரும்ப ஓடும். கரண்ட்தான் தின்னும். அளவுக்கு எடுக்கணும்.” நானா என் தாளை வாங்கிப் படித்தார். “இது ஆரு, மகளா எழுதின? எங்கட ஆளும் இருக்கா, படம் கீறிக்கிட்டு.” மேசைக்குப் பின்னால் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “எல்லாம் சரி மகள். மேல சீலிங் அடிச்சிருக்கா?”

லயத்தில் சீலிங் இல்லை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர்கூடக் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நின்றுவிடும். அதற்கு மேல் முதல் வீட்டிலிருந்து ஆறாவது வீடு வரைக்கும் ஒரே வெளி. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் எங்கள் கண் எரியும்.

“இருக்கு நானா,” என்றேன்.

அப்பா என் பக்கத்தில்தான் நின்றார். பெரிய ஏசி மேலிருந்த கையை எடுத்துக்கொண்டார்.

“அப்ப சின்னதே போதும்,” என்றார் நானா. காற்று பிள்ளை மேல் நேராகப் படாமல் மேலே திருப்பி வைக்கச் சொன்னார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா, “நல்லா பேசின,” என்றார்.

ஜன்னல் இருந்த இடத்தை ஏசி அடைத்துக்கொண்டதால் வீடு பகலிலும் இருட்டாயிற்று. முதல் நாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு அத்தை கத்தினார்: “அண்ணே, ஒங்க குளிரு சொவரு தாண்டி வந்துருச்சு. வந்து புடிச்சிக்கிட்டுப் போங்க.” அம்மா சிரித்தார். வெகு நாளைக்குப் பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன்.

கொப்பியில் கோடு போட்டு, தம்பியின் காய்ச்சலை மூன்று வேளையும் எழுதினேன். காலை வரிசையில் எண்கள் நன்றாக இருந்தன. மதிய வரிசையில் நாளுக்கு நாள் ஏறின. தகரத்தின் சூடு இறங்கியது. ஆறு அடுப்புகளின் சூடு சுவர் தாண்டி வந்தது. அம்மா மறுபடி சீலையை நனைக்கத் தொடங்கினார். ஏசி ஒருநாளும் பழுதாகவில்லை, கரண்டும் நிற்கவில்லை. பதினேழாம் நாள் மதியம் வலிப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவில் அம்மாவின் மடியிலேயே தம்பி போய்விட்டான். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

காரியம் முடிந்த பிறகு அப்பா அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். விஷயத்தைக் கேட்ட நானா ஏசியின் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தார். பிறகு தனக்குத்தானே கேட்பதுபோலக் கேட்டார்.

“சீலிங் அடிச்ச ரூமுக்கு இது தாராளம் தம்பி. வெறும் தகரம்னாத்தான் பத்தாது. அதுக்கும் நாலு உர பேக்க தச்சு மேல இழுத்துக் கட்டினா குளிர் ஓரளவு நிக்கும். சீலிங் இருந்தும் எப்படி?”

அப்பாவின் கை என் தோளில் இருந்தது.

“இருந்துச்சு நானா. புள்ள சொன்னது சரிதான். சீலிங் இருந்துச்சு.”

எங்கள் வீட்டில் சீலிங் இல்லை என்பது அப்பாவுக்கு மறந்துபோயிருக்க வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

எங்கள் வீட்டுப் பின்வாசலில், மழைச்சாரலுக்காக, உர பேக்குகளைத் தைத்து அப்பாவே கட்டிய ஒரு படுதா தொங்கும். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அது இல்லை. வாழைமரத்தடியில் பிளாஸ்டிக் எரிந்த நாற்றம் அடித்தது. அம்மா கேட்டதற்கு, எலி கடித்துவிட்டது என்றார் அப்பா. நான் நம்பினேன். அன்று இரவே எலிப்பொறியை எடுத்துப் பின்வாசலில் வைத்தேன்.