அமாவாசை ஆட்டத்தில் மாறிப்போன இரண்டு பார்ட்

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர், டீக்கடையில் என்னைப் பார்த்ததும் தயங்கி நின்றார். "உங்க ஆபரேட்டரு போயிட்டாருங்க. மூணு நாளு ஜொரம்" என்றார். டம்ளரை எங்கே வைத்தேன் என்று இப்போதும் எனக்கு நினைவில்லை. திருத்தணி டெண்டுக் கொட்டகையில் ஆறு வருஷம் படம் ஓட்டிய தேவராஜுலு இனி இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இதைப் படிக்கவேண்டும். முக்கியமாக, அவரைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள்.

அவர் மெஷின் ஓட்டினார், நான் டிக்கெட் கிழித்துவிட்டு உள்ளே போய் பிலிம் டின்களை எடுத்துக் கொடுப்பேன். ஒரே மெஷின் என்பதால் ஒவ்வொரு பார்ட், அதாவது ஒரு சுருள் பிலிம், முடிந்ததும் விளக்குப் போட்டுத்தான் அடுத்ததை மாட்டவேண்டும். அந்த நேரத்தில் மணல் தரையில் எழும் பேச்சைக் கேட்பதற்கென்றே காதைத் தீட்டிக்கொண்டு வாசலுக்கு வருவார். படம் எப்படி என்று அவரிடம் கேட்டால், "என் ஓட்டை வழியா ஜனங்க முதுவுதான் தெரியும். முதுவு அசையலன்னா நல்ல படம்" என்பார். எனக்கும் அவருக்கும் சண்டை வராத படமே கிடையாது. நாற்பது பாட்டுள்ள படம்தான் படம் என்பது என் கட்சி. உறவு ஒன்றும் இல்லாவிட்டாலும் என்னைத் தெலுங்கில் மச்சான் முறை வைத்து பாவா என்று கூப்பிட்டே மடக்குவார். "ஓடின படத்த ஊரே பாத்துக்கும், பாவா. ஓடாதத நாமதான் பாத்துக்கணும்."

அப்படி அவர் பார்த்துக்கொள்ள நினைத்த படம் ஒன்று இருந்தது. பாட்டு மொத்தம் மூன்றே மூன்று. ரங்கூனுக்குப் போன புருஷனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. போட்ட இடமெல்லாம் படுத்துவிட்டது. உலகச் சண்டைக் காலம், பிலிமுக்குத் தட்டுப்பாடு. மிச்சமிருந்த ஒரே பிரதியை வளையல் செய்கிறவர்களுக்கு உருக்கப் போடப்போகிறார்கள் என்று கம்பெனி ஆள் சொன்னதும் இவர் துடித்துப்போனார். கொட்டகை முதலாளியின் காலில் விழாத குறையாகக் கேட்டு, ஒரே ஒரு ஆட்டத்துக்குப் பெட்டியை வரவழைத்தார். அமாவாசையன்று தறிகள் நிற்கும், அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை நெசவாளர்கள் கொட்டகைக்கு வருவார்கள். அன்று மாலை முதல் ஆட்டம். ஜனங்கள் முணுமுணுத்தால் மறுநாளே மூட்டையைக் கட்டவேண்டும் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார். இவர் தலையாட்டினார்.

பிரதி நைந்து போயிருந்தது. காலையிலிருந்து பிளேடால் சுரண்டிச் சுரண்டி ஒட்டினார். ஒட்டியதைச் சுற்றி நம்பர் போட்ட டின்னில் வைப்பது என் வேலை. ஏழாம் பார்ட்டும் எட்டாம் பார்ட்டும் ஒன்றாகக் கைக்கு வந்தன. நான் அப்போது யாருடனோ வாயடித்துக்கொண்டிருந்தேன். "சரியா வச்சியா?" என்று கேட்டார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஆங்" என்றேன்.

ஓலைக் கொட்டகை, பிலிமோ பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அன்று நனைத்த கோணியைக் கையில் பிடித்தபடி அவர் அருகிலேயே நின்றேன். ஆறு பார்ட் ஓடும்வரை கூட்டத்தில் ஒரு இருமல் சத்தம் இல்லை. ஏழாம் டின்னைக் கொடுத்தேன். திரையில் அந்தப் பெண் வெள்ளைச் சீலையில் வந்து நின்றாள். புருஷன் ஊர் திரும்புவதும் சாவதும் ஏழாவதில். ஓடியது எட்டாவது. தேவராஜுலு என்னை ஒரு தடவை பார்த்தார். நடுவில் நிறுத்திக் கழற்றினால் அந்தப் பிரதி கிழிந்தே போகும். ஓடவிட்டார்.

"புருஷன் எப்படா செத்தான்?" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு கிளம்பியது, பிறகு விசில். காசைத் திருப்பிக் கொடு என்று பின்னால் கூச்சல். பார்ட் முடிந்து விளக்குப் போட்டபோது முதலாளி வாசலில் நின்றிருந்தார். என்னைத் தாண்டிக்கொண்டு தேவராஜுலு நேரே திரைக்கு முன்னால் போனார்.

"தப்பு என்னுதுங்க. பார்ட்ட மாத்திப் போட்டுட்டேன். படத்து மேல தப்பு இல்ல. மறுபடி சரியா ஓட்டறேன், குந்தினு பாருங்க."

பாதிப் பேர் எழுந்து போனார்கள். மிச்சமிருந்த பாதிப் பேர் கடைசிவரை பார்த்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். மறுநாள் காலை பெட்டி ரயிலேறி மெட்ராஸுக்குப் போனது. அவர் பள்ளிப்பட்டு பஸ் ஏறினார். ஆபரேட்டர் வேலையை முதலாளி எனக்குக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

குடித்துவிட்டுப் பார்ட்டை மாற்றினார் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு வருவார். ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "மெஷினு எப்படிகீது, பாவா?" என்று கேட்டுவிட்டு, சித்தூரில் நாலே நாள் ஓடிய ஒரு படத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்தது. அந்தப் படத்தில் பாட்டு குறைவு என்று சொல்லிச் சமாளித்தேன்.

பார்ட்டை மாற்றியவன் நான். தேவராஜுலு குடிக்கிறவர் இல்லை. தயங்காமல் ஒரு மனிதன் அடுத்தவன் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டதை அருகில் நின்று பார்த்தேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த வேலையும் அந்தக் காட்சியும்தான். வேலை போனாலும் போகட்டும். வருகிற அமாவாசை முதல் ஆட்டத்தில், விளக்கை அணைக்குமுன், நான் அந்தத் திரைக்கு முன்னால் போய் நிற்கப்போகிறேன்.